நாகமும் விரியனும் ஒரே கூண்டில் இருக்கலாமா?

கேள்வி: மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தின் பாம்புப் பண்ணையைப் பார்த்தோம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் மணல் போட்ட பானைகளில் பிரித்து வைத்திருந்தார்கள். பெரிய கண்ணாடிக் கூண்டு கட்டி எல்லாவற்றையும் ஒன்றாக விட்டால் என்ன? ஒன்றின் விஷம் இன்னொன்றுக்கு ஏறாதுதானே?
— செங்கல்பட்டு வாசகர்

பதில்: ஏறும். தன் இனத்தின் விஷத்தைப் பாம்பு ஓரளவு தாங்கும். வேற்றினத்தின் விஷத்துக்கு அந்தத் தாங்குதலை நம்ப முடியாது. ஆனால் விஷத்துக்கும் முன்னால் வருவது பசி. கட்டுவிரியனுக்கு மற்ற பாம்புகள் வழக்கமான இரை. நல்ல பாம்பும் பாம்பைத் தின்னும். ராஜநாகத்துக்கோ முக்கிய உணவே பாம்புதான்.

எலி போடும் நேரம் இன்னும் மோசம். ஒரே எலியை ஒன்று தலைப்பக்கமும் மற்றொன்று வால்பக்கமும் கவ்வினால், இரண்டும் விழுங்கிக்கொண்டே வந்து மூக்கோடு மூக்கு முட்டும். பற்கள் உள்நோக்கி வளைந்தவை. கவ்வியதை எளிதில் விடாது. பெரியது சின்னதையும் சேர்த்தே விழுங்கப் பார்க்கும். இரண்டுமே செத்துப்போகலாம். ஒரே இனத்திலும் இது நடக்கும் என்பதால், இரை கொடுக்கத் தனித்தனிப் பெட்டி வேண்டும். எலி வாடை போன பிறகே திரும்பச் சேர்க்க வேண்டும்.

அடுத்தது நோய். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி எச்சத்தின் வழியே பரவும். தொற்றிய பாம்பு இரையைக் கக்கும், நடுவயிறு வீங்கும், மெலியும். பிளீச்சிங் கரைசலுக்கு அது சாகாது. தண்ணீர்க் கிண்ணத்தையும் பாம்பைத் தூக்கும் கொக்கியையும் கொதிநீரில் போட வேண்டும். புதிதாக வந்த பாம்பைக் குறைந்தது 90 நாள் தனி அறையில், தனிக் கொக்கியோடு வைத்து, தினமும் மற்ற பாம்புகளுக்குப் பிறகு கடைசியாகக் கவனிக்க வேண்டும்.

எங்களை அதிகம் கவலைப்படுத்துவது பராமரிப்பவரின் உயிர். ஒன்றைக் கொக்கியில் தூக்கும்போது கண் அதன்மேல்தான் இருக்கும், கடிப்பது மற்றொன்று. கட்டுவிரியன் கடித்தால் வலியோ தடமோ தெரியாமலும் போகலாம். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நீங்கள் பார்த்த அந்த நான்கு இனங்களுக்கானது. ராஜநாகத்துக்கும் மலபார் குழிவிரியனுக்கும் அதை நம்ப முடியாது. கூண்டுக்கு ஓர் இனம், கதவில் அதன் பெயர், உள்ளே பாம்பை அடைத்துவிட்டுச் சுத்தம் செய்ய ஒரு ஒதுக்குப்பெட்டி, திறக்கும்போது உடன் இன்னொருவர்: இவற்றில் ஒன்றும் குறையக் கூடாது.

கேள்வி: வீட்டில் ஒரே இனத்தில் இரண்டு வளர்க்கலாமா?
— அதே வாசகர்

பதில்: ஒன்றுகூடக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். இருளர் சங்கம் அரசு அனுமதியோடு பிடித்து, சில வாரங்கள் மட்டும் வைத்து, விஷம் எடுத்தபின் காட்டில் விட்டுவிடுகிறது. வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் வனத்துறையையோ தீயணைப்புத் துறையையோ அழையுங்கள்.