திறப்பு விழாவுக்கு மறுநாள்

அன்புள்ள ஐயா,

முப்பது பேர் கொண்ட ஒரு சேவைக் குழுவில் இருக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அறக்கட்டளையின் நிதியுதவியில் ஒரு பள்ளிக்குப் பத்துக் கணினிகள் வாங்கிக் கொடுத்தோம். விழா நடத்தினோம், புகைப்படங்களோடு அறிக்கை அனுப்பினோம், பாராட்டுக் கடிதமும் வந்தது. சென்ற மாதம் வேறு வேலையாக அங்கே போனேன். கணினி அறை பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், கணினிகள் மீது பழைய விடைத்தாள் கட்டுகள்.

இப்போது இன்னோர் அறக்கட்டளை 18 மாதத் திட்டத்துக்கு விண்ணப்பம் கேட்டிருக்கிறது. அதே பள்ளியில் குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் வைக்கலாம் என்று நினைக்கிறோம். படிவத்தில் ஒரு கேள்வி: ‘நிதியுதவி முடிந்தபின் பயன் எவ்வாறு தொடரும்? 200 சொற்களில் எழுதவும்.’ ‘சமூகமே பொறுப்பேற்று நடத்தும் என்று எழுதிவிடு’ என்கிறார்கள் குழுவில். கணினித் திட்டத்துக்கும் இதையேதான் எழுதினோம். எனக்குக் கை வரவில்லை. நிலைத்து நிற்கும் திட்டத்தை எப்படித் தீட்டுவது?

ப.

அன்புள்ள ப.,

கை வராமல் போனது நல்லதற்குத்தான். ‘சமூகமே பொறுப்பேற்கும்’ என்று நானும் எழுதியிருக்கிறேன், ஒருமுறைக்கு மேல். அதை எழுதும்போது மனதில் ஒரு முகமும் தோன்றுவதில்லை. யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதும் இல்லை.

பல ஆண்டுகளுக்கு முன்பு நான் இருந்த குழு ஒரு பள்ளியில் எட்டுக் கழிப்பறைகள் கட்டியது. ஓட்டுக்கும் குழாய்க்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் மூன்று மூன்று விலைப்புள்ளிகள் வாங்கினோம். கழுவப்போவது யார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அந்த வேலைக்குப் பள்ளியில் ஆள் கிடையாது, ஆளுக்குச் சம்பளம் தர எங்கள் கணக்கில் இடம் கிடையாது. நாற்றம் தாங்காமல் தலைமையாசிரியர் பூட்டிவிட்டார். ‘மக்களுக்கு அக்கறை இல்லை’ என்று நாங்கள் கூடிப் பேசிக் கலைந்தோம். நன்கொடையாளர் பெயர் பொறித்த பளிங்குக் கல் மட்டும் பளபளவென்று இருந்தது. அதைத்தான் யாரும் பயன்படுத்துவதில்லையே.

ஆகவே அந்த 200 சொல் கேள்வியைப் படிவத்தின் கடைசியில் நிரப்பாதீர்கள். அங்கிருந்து தொடங்குங்கள். 19ஆவது மாதம், ஏதோ ஒரு திங்கட்கிழமை காலை, இயந்திரம் ஓடவில்லை. அதை முதலில் கவனிப்பவர் யார்? யாரிடம் சொல்வார்? வருகிறவர் எவ்வளவு தூரத்திலிருந்து வருவார்? பணம் எந்தக் கணக்கிலிருந்து போகும், காசோலையில் கையெழுத்திடுபவர் யார்? ஒவ்வொன்றுக்கும் ஒரு மனிதர் கிடைக்கும்வரை, அவரும் நேரில் ‘சரி’ என்று சொல்லும்வரை, இயந்திரத்தின் விலையை விசாரிக்கவே போகாதீர்கள்.

எழுத்தில் பதில் இருந்தால் போதும் என்று நினைத்துவிடவும் கூடாது. தென்னாப்பிரிக்காவில் தோன்றிய ‘பிளேபம்ப்’ கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். குழந்தைகள் ஏறிச் சுற்றும் ராட்டினம் அது. அது சுழலச் சுழல நிலத்தடி நீர் மேலேறித் தொட்டியில் நிறையும். தொட்டியின் பக்கங்களில் விளம்பரப் பலகைகள், அந்த வருமானத்தில் பராமரிப்பு. எந்த நிதியாளர் என்ன கேட்டாலும் பதில் இருந்தது. 2006இல் அமெரிக்க அரசும் சில அறக்கட்டளைகளும் சேர்ந்து 1.64 கோடி டாலர் தருவதாக அறிவித்தன. நடந்தது வேறு. ஆள் நடமாட்டம் குறைந்த கிராமத்துத் தொட்டியில் விளம்பரம் செய்ய யார் வருவார்கள்? பழுதானால் ஊரில் உள்ளவர்களால் சரிசெய்ய முடியவில்லை. குழந்தைகள் விளையாடாத நேரத்தில் வயதான பெண்கள் ராட்டினத்தைக் கையால் தள்ளிச் சுற்றினார்கள். சொன்ன அளவு தண்ணீர் கிடைக்க வேண்டுமானால் குழந்தைகள் நாளொன்றுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று 2009இல் கார்டியன் நாளிதழ் கணக்குப் போட்டுக் காட்டியது. இதில் என்னை அதிகம் உறுத்துவது, சில இடங்களில் ஓடிக்கொண்டிருந்த கைப்பம்பைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இதை வைத்தார்கள் என்பதுதான்.

இதற்கு நேரெதிரான ஒரு பொருளும் உண்டு, இந்தியா மார்க் 3 கைப்பம்பு. அதற்கு முந்தைய மார்க் 2 உறுதியானது, ஆனால் உள்ளே ஒரு வாஷர் தேய்ந்தால் நிலத்துக்குள் இறங்கியிருக்கும் குழாய் முழுவதையும் வெளியே இழுக்க வேண்டும். அதற்கு வண்டியும் ஆட்களும் தனிக் கருவிகளும் தேவை. அதற்குப் பின் வந்த மார்க் 3இல் குழாயை அகலமாக்கினார்கள். குழாய் அப்படியே இருக்க, பிஸ்டனை மட்டும் மேலே எடுத்து வாஷரை மாற்றலாம். பழுது பார்க்கப்போகிறவரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு வரைந்த மாதிரி இருக்கும் அந்த மாற்றம். சுத்திகரிப்பு இயந்திரம் விற்க வருபவரிடம் நீங்கள் கேட்க வேண்டியதும் அதுதான்: வடிகட்டியைப் பள்ளியில் உள்ள ஒருவரே மாற்ற முடியுமா? உதிரிபாகம் இன்னொரு கடையிலும் கிடைக்குமா? ‘முதல் ஆண்டுப் பராமரிப்பு இலவசம்’ என்பார். உங்கள் திட்டமோ 18 மாதம். இலவசம் முடிந்து அரை ஆண்டு செலவை மானியம் தாங்கும், பிறகு நீங்களும் கிளம்பிவிடுவீர்கள்.

மானியம் என்பது ஒருமுறை வரும் பணம். ஒருமுறை செய்யும் செலவுக்கு அது பொருந்தும். மாதாமாதம் வரும் செலவை அதன் தலையில் கட்டினால் அது முடியும் நாளில் எல்லாம் முடியும். ஓடும் செலவை முதல் ஆறு மாதம் மானியம் ஏற்கட்டும், அடுத்த ஆறு மாதம் பாதி, கடைசி ஆறு மாதம் ஒன்றும் வேண்டாம். இடைவெளியைப் பள்ளி நிர்வாகமோ பெற்றோர் சங்கமோ நிரப்பட்டும். அவர்களால் முடியவில்லை என்றால் 13ஆவது மாதத்திலேயே தெரிந்துவிடும். அப்போது நீங்களும் அங்கே இருப்பீர்கள், கையில் பணமும் இருக்கும். நீர்ப் பரிசோதனைச் செலவையும் மறக்க வேண்டாம். தெளிவாக இருக்கும் தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் அல்ல.

நேபாளத்துப் பாசன வாய்க்கால்களை எலினார் ஆஸ்ட்ரமும் அவருடைய ஆய்வுத் துணைவர்களும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். (2009இல் பொருளாதார நோபல் பெற்றவர்.) விவசாயிகள் கல்லும் மண்ணும் மரமும் கொண்டு தாங்களே கட்டி நடத்திய வாய்க்கால்கள், பொறியாளர்கள் கான்கிரீட்டில் கட்டியவற்றைவிடப் பல இடங்களில் நன்றாக வேலை செய்தன. காரணம் எளியது. வாய்க்காலுக்குத் தண்ணீரைத் திருப்பும் மண் தடுப்பு ஆண்டுதோறும் உடையும். அதைச் சரிசெய்ய, தலைமடைக்காரருக்குக் கடைமடைக்காரரின் உழைப்பு தேவை. அதனால் தண்ணீரைக் கடைமடை வரை விடுவார். கான்கிரீட் வந்ததும் அந்தத் தேவை போயிற்று, தேவையோடு தண்ணீரும் போயிற்று. நாம் கொண்டுபோய் வைக்கும் நல்ல பொருள் அங்கே முன்பே இருந்த ஏற்பாட்டைக் கலைத்துவிடலாம். அந்தப் பள்ளிக் குழந்தைகள் இன்று எங்கிருந்து தண்ணீர் குடிக்கிறார்கள், யார் கொண்டுவருகிறார் என்று விசாரித்தீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை.

இதையும் சொல்ல வேண்டும்: திட்டம் நிலைப்பதும் பயன் நிலைப்பதும் ஒன்றல்ல. கண்புரை அறுவைச் சிகிச்சைக்கான முகாமில் மறுபரிசோதனைகளும் முடிந்துவிட்டால் கூடாரத்தைப் பிரித்துவிடலாம். பார்வை பெற்றவரிடம் பயன் தங்கிவிட்டது, அதற்குக் குழு வேண்டாம், வங்கிக் கணக்கு வேண்டாம். உங்கள் குழுவால் 18 மாதத்துக்கு மேல் அங்கே போய்வர முடியாது என்றால் அத்தகைய வேலையை எடுத்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

நிதி தருபவர்களுக்கும் இதில் பங்குண்டு. ரோட்டரி அறக்கட்டளை தன் உலகளாவிய மானியங்களுக்கு, திட்டத்துக்கு முன்பே அங்குள்ளவர்களின் தேவையை ஆராய்ந்திருக்க வேண்டும் என்கிறது. நல்ல விதி. ஆனால் நிதியாண்டு முடிவதற்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பு என்று நெருக்குபவர்களே நான் கண்டவர்களில் அதிகம். முதல் நான்கு மாதம் எதையும் வாங்கமாட்டோம், பேசிக்கொண்டு மட்டும் இருப்போம் என்று எழுதிப் பாருங்கள், முகம் சுளிப்பார்கள். அப்படியும் எழுதுங்கள்.

அதற்கு முன்பு ஒன்று செய்ய முடியுமா? அந்தக் கணினி அறைக்கு மறுபடி போங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். கடைசியாக எப்போது திறந்தார்கள், என்ன பழுது, யாரிடம் சொன்னார்கள், உங்கள் குழுவில் யாருக்காவது தொலைபேசினார்களா என்று அவரிடமே கேளுங்கள். விடைத்தாள்கள் அங்கே வந்ததற்கும் ஒரு காரணம் இருக்கும். அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள். சுத்திகரிப்பு இயந்திரத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.