கலனுக்குள் போன சாணத்தில் கிருமி சாகிறதா? – கேள்வி பதில்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவிலும் பொள்ளாச்சிப் பக்கத்திலும் வேறு சில ஊர்களிலும் சாண எரிவாயுக் கலன் வைத்திருப்போர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கழிவில் உள்ள நோய்க்கிருமிகளைப் பற்றித்தான் எனக்குத் தெரியும். அடுப்பு, குழாய் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்தருள வேண்டும். தொடங்கும் முன் ஒன்று: எக்காரணம் கொண்டும் கலனுக்குள் இறங்காதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை, மாடு வளர்ப்பவர்: 12 மாடுகளின் சாணம் தீனபந்து கலனுக்கு (மண்ணுக்குள் புதைத்துக் கட்டும் குவிமாட வகை) போகிறது. காற்றே இல்லாத இருட்டுக்குள் 40 நாள் கிடப்பதால் கிருமி அத்தனையும் செத்துவிடும் என்று கட்டிய கொத்தனார் சொன்னார். சரிதானா ஐயா?

கிருமிகள் குறைகின்றன, ஒழிவதில்லை. காற்றில்லாமையே அவற்றைக் கொல்லும் என்பது பரவலான தவறான நம்பிக்கை. மாட்டின் குடலிலும் காற்று இல்லை. ஈ. கோலை, சால்மோனெல்லா போன்றவை அந்தக் குடலில் வாழப் பழகியவை; காற்றில்லாத இடம் அவற்றுக்குப் புதிதன்று. கலனுக்குள் அவற்றை மடியச் செய்பவை வெப்பம், நாள் கணக்கு, இரைக்காக மற்ற நுண்ணுயிர்களோடு நடக்கும் போட்டி, செரிக்கும்போது உண்டாகும் அமிலங்களும் அம்மோனியாவும். இவற்றுள் முதல் இரண்டும்தான் நம் கையில் உள்ளவை.

வெப்பத்தின் வலிமையை ஒரு கணக்கால் காட்டலாம். கழிவுநீர்ச் சேற்றைக் கிருமி நீக்க அமெரிக்காவில் 1993 முதல் உள்ள விதிப்படி, நீர்த்த சேறு 50 டிகிரியில் சுமார் 5 நாள் இருக்க வேண்டும். 55 டிகிரியில் ஒரே நாள் போதும். 60 டிகிரியில் 5 மணி நேரம். நம் ஊரில் மண்ணுக்குள் புதைந்த கலனின் கரைசல் பெரும்பாலும் 25 முதல் 30 டிகிரிதான் இருக்கும். பங்குனி வெயில் வெளியே 40 டிகிரியைத் தொட்டாலும், அடியில் உள்ள கரைசலுக்கு அது எட்டுவதில்லை.

அடுத்தது நாள் கணக்கு. 40 நாள் கலன் என்றால் ஒவ்வொரு சொட்டும் 40 நாள் உள்ளே இருக்கும் என்று பொருளன்று, அது சராசரி. உள்ளே முழுவதும் கலங்கும் தொட்டி என்று வைத்துக் கணக்கிட்டால், இன்று காலை ஊற்றியதில் சுமார் 2.5 சதவீதம் நாளைக் காலைக்குள் வெளியேறிவிடும். 10 நாளுக்குள் 22 சதவீதம் வெளியே வந்திருக்கும். நேற்றுப் போட்ட சாணத்தின் கிருமி, செரித்த கரைசலோடு கூடவே வருகிறது. அதனால்தான் சூடேற்றாத கலன்களில் 90 முதல் 99 சதவீதக் குறைவையே எதிர்பார்க்க முடிகிறது. 99 என்பது பெரிதாகத் தோன்றும். ஒரு கிராமில் 10 லட்சம் இருந்தால் 10,000 மிச்சம். உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டி, பதப்படுத்திய கழிவு எருவில் ஈ. கோலை ஒரு கிராமுக்கு 1,000க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது.

நீங்கள் செய்யக்கூடியது எளிது. வெளியேறும் தொட்டிக்கு அடுத்து இரண்டு குழிகள் வெட்டுங்கள். ஒன்று நிறைந்ததும் அதில் புதிய கரைசல் ஒரு குவளைகூட விழாமல் மூடி வைத்து, மற்றதை நிரப்புங்கள். கலனுக்குள் கிடைக்காத நாள் கணக்கு இந்தக் குழியில் கிடைக்கும்.

வேலந்தாவளம், இல்லத்தரசி: மாடியில் சிறிய கலன். மீன் கழுவிய நீர், கோழி மிச்சம் எல்லாம் போடுகிறேன். கரைசலைக் கீரைத் தொட்டிக்கு ஊற்றலாமா?

கீரைக்கு மேலாக ஊற்றாதீர்கள் அம்மா. மக்காத எருவை இட்டால், மண்ணைத் தொடும் விளைச்சலைப் பறிக்க 120 நாளும் மற்றவற்றுக்கு 90 நாளும் இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண்மை விதி. சின்னக் கலனின் கரைசலையும் மக்காத எரு என்றே நினைத்துக்கொள்ளுங்கள். சிறுகீரையோ 25 நாளில் சட்டிக்கு வந்துவிடுகிறது. முருங்கை, எலுமிச்சை, கறிவேப்பிலைக்கு வேரடியில் ஊற்றுங்கள்.

தேவிகுளம், தேயிலைத் தோட்டக் குடியிருப்பு: இங்கே குளிரில் கிருமி தானே சாகாதா?

குளிர் கிருமியைக் கொல்வதில்லை, காப்பாற்றி வைக்கிறது. முதல் பதிலில் சொன்ன அமெரிக்கக் கழிவுநீர்ச் சேற்று விதியில், கிருமியை ஒழிக்காமல் குறைக்க மட்டும் கேட்கும் இரண்டாம் தரத்துக்கு 35 டிகிரியில் 15 நாள் போதும். 20 டிகிரியில் 60 நாள் வேண்டும். உங்கள் ஊரில் வாயுவும் குறையும், கிருமியும் தங்கும்.

மீனாட்சிபுரம்: மாடு ஏழாம் மாதத்தில் கன்று வீசிவிட்டது. நஞ்சுக்கொடியைக் கலனில் போட்டுவிடலாமா?

கூடாது. கன்று வீச்சுக்குப் புரூசெல்லா என்ற பாக்டீரியா காரணமாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும், தீராத காய்ச்சலையும் மூட்டுவலியையும் தரும். வெறுங்கையால் தொடாமல், சுண்ணாம்பு தூவி ஆழக் குழியில் புதைத்துவிட்டுக் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். நல்ல ஈற்றின் கொடியை ஆலமரத்தில் கட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. கன்று வீசிய மாட்டின் கொடிக்கு அந்த வழக்கத்தையும் நீட்ட வேண்டாம். திடீரென்று இறந்த மாட்டின் எந்தப் பகுதியையும் கலனுக்குக் கொண்டுபோகாதீர்கள். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) கிருமியின் வித்துக்கள், அதாவது கெட்டி உறைக்குள் உறங்கும் அதன் வடிவம், எந்தக் கலனிலும் சாவதில்லை.

பெயர் வேண்டாம்: கலனில் கிருமி சாகுமா?

முதல் பதில்.

வாளையார், உணவகம்: இறைச்சிக் கழிவுக்கு என்ன முறை?

ஐரோப்பிய ஒன்றிய விதி, அனுமதிக்கப்பட்ட விலங்குக் கழிவை 12 மில்லிமீட்டருக்கு மிகாமல் நறுக்கி, 70 டிகிரியில் இடைவிடாமல் 1 மணி நேரம் சூடாக்கிய பிறகே கலனில் விடச் சொல்கிறது. உங்கள் கலனில் வரும் வாயுவில் ஒரு பங்கை இதற்கே செலவிடலாம். வித்து உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியா வகைகள் இதற்கும் தப்பும் என்பதை மறக்க வேண்டாம்.

கோபாலபுரம்: கழிப்பறையைக் கலனோடு இணைக்க எண்ணம். அந்த வாயுவில் சமைத்தால் சாப்பிட மாட்டேன் என்கிறார் மாமியார்.

வாயு எரிகிறது; எரியும் மீத்தேன் கிருமியைச் சோற்றுக்குக் கொண்டுவராது. மாமியாரின் மனத்தடைக்கு என்னிடம் மருந்து இல்லை. கவலைப்பட வேண்டியது கரைசலைப் பற்றி. மனித மலத்தோடு நாக்குப்பூச்சியின் முட்டைகள் வரும். பாக்டீரியாக்களைவிட அவை பல மடங்கு உறுதியானவை; 55 டிகிரியில் சில மணி நேரத்தில் சாகும் முட்டை, நம் கலனின் வெப்பத்தில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

எருத்தேன்பதி: வீணாகப் பயமுறுத்துகிறீர்கள். எங்கள் வீட்டில் 20 ஆண்டுகளாக இணைத்திருக்கிறோம். கரைசல் தென்னைக்குப் போகிறது. ஒருவருக்கும் நோய் இல்லை.

தென்னைக்குப் போகிறது என்பதில்தான் உங்கள் விடை இருக்கிறது. 50 அடி உயரத்தில் காய்க்கும் மரத்துக்கு முட்டை ஏறுவதில்லை. அதே கரைசலைத் தக்காளிக்கு விட்டு 20 ஆண்டு கழித்திருந்தால் உங்கள் சான்றை ஏற்றிருப்பேன். தோப்பில் வெறுங்காலோடு வேலை செய்வோரையும் குழந்தைகளையும் ஒருமுறை மலப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். நாக்குப்பூச்சி பெரும்பாலும் நோய் என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை.

வடகரப்பதி: அவருக்காக நான் சொல்கிறேன். எங்கள் கரைசலை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தோம். புழு முட்டை ஒன்றுகூட இல்லை. இதற்கு என்ன சொல்வீர்கள்?

உங்கள் ஆய்வகத்தின் முடிவை நம்புகிறேன். ஆனால் முட்டை நீரைவிட அடர்த்தியானது. தேங்கிய கரைசலில் அது மெல்ல அடியில் படியும். மேலே தெளிந்து வெளியேறுவதில் குறைவாகவே இருக்கும். கலன் அவற்றைக் கொல்லவில்லை, அடியில் சேர்த்து வைத்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த அந்த வண்டலை ஒரு நாள் தூர்வாருவீர்கள். அன்று மாதிரி எடுத்துக் கொடுங்கள்.

எருத்தேன்பதி: அப்படியென்றால் இணைக்கவே கூடாதா?

அப்படி நான் சொல்லவில்லை. திறந்த வெளியைவிட, கசியும் குழியைவிட, இணைத்த கலன் எவ்வளவோ மேல். கரைசலைத் தென்னைக்கும் தீவனப் புல்லுக்கும் விடுங்கள். புல்லில் விட்டால் மாடு மேய 30 நாள் பொறுங்கள். காய்கறிக்கு வேண்டாம். இவ்வளவுதான் என் கட்சி.

கஞ்சிக்கோடு: கிருமி சாக மாதம் ஒருமுறை கலனில் பிளீச்சிங் பவுடர் போடலாமா?

போட்டால் முதலில் சாவது உங்கள் வாயு. ஃபினாயிலுக்கும் இதே பதில்.

பொள்ளாச்சி: மானியம் எவ்வளவு?

தமிழ்நாட்டில் ஊராட்சி ஒன்றிய அலுவலகம், கேரளத்தில் கிருஷி பவன்.

நடுப்புணி: கரைசலில் நாற்றமே இல்லை. கிருமி போய்விட்டது என்று கொள்ளலாமா?

நாற்றம் போனால் செரிமானம் நடந்திருக்கிறது என்று மட்டும் தெரியும். முதல் பதிலை முழுவதும் படியுங்கள்.

வடகரப்பதி: தூர்வாரச் சொன்னீர்கள். எப்படி வாருவது, வாரிய வண்டலை என்ன செய்வது?

உள்ளே யாரும் இறங்கக் கூடாது, யாரையும் இறக்கவும் கூடாது. கலனுக்குள் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவின் அளவு கூடும்போது மூக்கு அதை உணர்வதை நிறுத்திவிடும். காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து விழுவது பல ஊர்களில் நடந்திருக்கிறது. உறிஞ்சு வண்டியை அழையுங்கள். வண்டலைக் கிணற்றுக்கு எட்டாத இடத்தில், மழை நீர் புகாத குழியில் கொட்டி, மேலே புதிதாக எதுவும் சேர்க்காமல் விடுங்கள். 20 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமுள்ள ஊர்களுக்கு 1 ஆண்டுக்கு மேல், அதற்குக் கீழான குளிர் ஊர்களுக்கு ஒன்றரை முதல் 2 ஆண்டு என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் காலம். தேவிகுளத்துக்காரர் இரண்டாவது கணக்கை எடுத்துக்கொள்ளட்டும்.