வேகம் கூடினால் விடை கிடைக்குமா?

கேள்வி: ஒரு கணினி நிரல் என்றாவது நிற்குமா, நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்குமா என்று எல்லா நிரல்களுக்கும் சரியாகச் சொல்லும் நிரல் கிடையாது என்று 1936-இல் கணிதவியலாளர் ஆலன் டூரிங் நிரூபித்தார். நிரலை ஓட்டும்போது முதல் அடிக்கு ஒரு நொடி, அடுத்ததற்கு அரை, அதற்கடுத்ததற்குக் கால் என்று வேகம் கூடும் இயந்திரத்தைக் கற்பனை செய்தால், இரண்டே நொடியில் தெரிந்துவிடுமே? டூரிங் சொன்னது தவறுதானே?

பதில்: தவறில்லை. நீங்கள் சொல்வதற்கு ஜீனோ இயந்திரம் என்று பெயர். அது சாதிப்பதை மறுக்கவில்லை. 2-ஐவிடப் பெரிய ஒவ்வொரு இரட்டை எண்ணும் இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகை என்கிற கோல்ட்பாக் கணிப்பு 1742 முதல் நிரூபணம் இல்லாமல் நிற்கிறது. 4, 6, 8 என்று சோதித்துக்கொண்டே போய், பொருந்தாத எண் அகப்பட்டால் மட்டும் நிற்கும் நிரலை எழுதுங்கள். நினைவகத்தில் ஒரு கட்டத்தை எடுத்து அதில் 0 போட்டு வையுங்கள். நிரல் நின்றால் அது 1 ஆகட்டும். இரண்டு நொடி கழித்து அந்தக் கட்டத்தைப் பார்த்தால் போதும்.

சரி, இதனால் டூரிங் எப்படித் தோற்றார்? நிரல்களை ஓட்ட அவர் வகுத்த இயந்திரம் ஒரு நாடாவில் எழுதி, படித்துக் கணக்கிடும்; அந்த நாடா எவ்வளவு வேண்டுமானாலும் நீளும், நேரத்துக்கும் வரம்பில்லை. அதுவே ஒரு கற்பனை இயந்திரம்தான். ஆனால் முடிவில்லாத அடிகளை முடித்துவிட்டு வந்து பதில் சொல்ல அதற்கு அனுமதி இல்லை. அந்த விதியை நீங்கள் எடுத்துவிட்டீர்கள். ஆட்டமே வேறாகிவிட்டது.

வேறு ஆட்டத்தையும் டூரிங்கே ஆடிப் பார்த்திருக்கிறார். 1939-இல் வெளியான தன் ஆய்வேட்டில், சாதாரண இயந்திரத்தால் முடியாத கேள்விகளுக்கு விடை தரும் ‘ஆரக்கிள்’ ஒன்றை இயந்திரத்தோடு இணைத்தார். சாதாரண நிரல்கள் நிற்குமா என்று அந்த ஆரக்கிள் சொல்லிவிடும் என்றே வைத்துக்கொள்வோம். அதைக் கேட்டுக் கேட்டு ஓடும் நிரல்கள் நிற்குமா என்று அதே வகை இயந்திரம் சொல்லுமா? சொல்லுமென்றால், அந்தச் சோதனையையே உள்ளே வைத்து ஒரு குறும்பு நிரல் எழுதலாம்: ‘நீ நிற்பாய்’ என்று பதில் வந்தால் ஓடிக்கொண்டே இருக்கும், ‘நிற்கமாட்டாய்’ என்றால் உடனே நிற்கும். அதைப் பற்றி என்ன சொன்னாலும் பொய்யாகிவிடும். இந்த வாதத்தில் வேகம் எங்கே வருகிறது? வரவே இல்லை.

நிற்குமா என்பதற்கு உறுதியான விடைதான் வேண்டுமென்றால் இயந்திரத்தைச் சுருக்குங்கள். மொத்தமே 1 கிலோபைட் நினைவகம் (8192 பிட், ஒவ்வொன்றிலும் 0 அல்லது 1), வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராது என்றால், அதன் நிலைகள் 2-இன் 8192-ஆம் அடுக்கைத் தாண்டாது. நிற்காமல் அதற்கு மேல் ஓரடி போனாலும் ஏதோ ஒரு நிலை திரும்ப வந்துவிட்டது, இனி நிற்காது என்று அடித்துச் சொல்லலாம். என்ன, அந்த எண்ணுக்கு 2467 இலக்கங்கள்.