வாசகர் கேள்விகள்: லங்காஷயர் பஞ்சாலைகள்

கேள்வி: இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் மகன், லங்காஷயரின் பழைய பஞ்சாலைகளைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். ஆலைகள் எல்லாம் வெறும் பெட்டிகளாகத் தெரிகின்றன. ஒரு புகைபோக்கி மட்டும் அலங்காரக் கோபுரமாக நிற்கிறது. ஏன் இந்த ஓரவஞ்சனை?
(திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: படத்தில் இருப்பது டார்வன் ஊரின் 'இந்தியா மில்' என்றே நினைக்கிறேன். 303 அடி உயரமுள்ள அதன் புகைபோக்கி 1867-இல் கட்டப்பட்டது. வழக்கமான வட்ட வடிவை விட்டுவிட்டு, இத்தாலிய மணிக்கூண்டுகளைப் போலச் சதுரமாக, பல நிறச் செங்கற்களைக் கொண்டு அதை வடிவமைத்தவர் எர்னெஸ்ட் பேட்ஸ். உயரத்துக்குக் காரணம் உண்டு. நீராவி எஞ்சினுக்கான கொதிகலனின் அடுப்பு நன்றாக எரிய வேண்டுமானால் புகைபோக்கிதான் காற்றை இழுத்துத் தர வேண்டும். உயரம் கூடக் கூட இழுவையும் கூடும், புகையும் ஊரின் தலைக்கு மேலே போய்விடும். அலங்காரத்துக்கு அப்படி ஒரு காரணமும் இல்லை. ஊரின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் கண்ணில் படுவது அது என்பதால், முதலாளியின் பெருமை அங்கே ஏறி உட்கார்ந்துகொண்டது.

கட்டப்பட்ட காலத்தையும் கவனியுங்கள். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரால், முக்கால் பங்குக்கும் மேல் அமெரிக்கப் பஞ்சையே நம்பியிருந்த லங்காஷயர் ஆலைகள் முடங்கி, தொழிலாளர்கள் கஞ்சிக்கு வரிசையில் நின்றார்கள். மாற்றாக இந்தியாவிலிருந்து போன பஞ்சு இழை குட்டையாக இருந்ததால் நூல் அறுந்துகொண்டே இருந்தது. இந்தியப் பஞ்சுக்கு அங்கே வழங்கிய பெயரான 'சூரத்' என்றாலே மட்டச் சரக்கு என்று பொருளாகிப்போனது. அந்தப் பஞ்சம் தீர்ந்த இரண்டே ஆண்டுகளில் இப்படி ஒரு கோபுரம் எழுந்ததைத் துணிச்சல் என்றும் சொல்லலாம், வீண் ஜம்பம் என்றும் சொல்லலாம். நான் இரண்டாவது பக்கம்தான் சற்றுச் சாய்வேன்.

கேள்வி: அந்த ஆலைகளுக்குள்ளே மரத்தைத் தவிர்த்து இரும்புத் தூண்களையும் செங்கல் வளைவுகளையும் பயன்படுத்தியது அழகுக்காகவா, பலத்துக்காகவா?
(கோவையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: இரண்டையும்விடப் பயத்துக்காக என்பதே சரியான விடை. பஞ்சுத் தும்பு பறக்கும் அறை, எண்ணெய் ஊறிய மரத்தளம், விளக்குச் சுடர் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தொடக்ககால ஆலைகள் பல எரிந்து காட்டின. 1797-இல் சுரூஸ்பரியில் சார்லஸ் பேஜ் கட்டிய ஆளிநார் (லினன் துணிக்கான செடிநார்) நூற்பாலையில்தான் தூணும் உத்திரமும் முழுக்க வார்ப்பிரும்பாயின. உத்திரத்துக்கு உத்திரம் தாழ்வான செங்கல் வளைவுகளை எழுப்பி, மேலே நிரவித் தளம் போட்டுவிட்டால் எரிவதற்கு ஒன்றும் இருக்காது. நம் ஊரின் பழைய ரயில் நிலையங்களில் அண்ணாந்து பார்த்தால் இரும்பு உத்திரங்களுக்கிடையே வளைந்து வளைந்து போகும் செங்கல் கூரை தெரியுமே, அதே முறைதான்.

ஆனால் வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு இழுவையைத் தாங்காது. பாரம் ஏறும்போது உத்திரத்தின் அடிப்பக்கம்தான் இழுபடும் என்பதால், அடிவிளிம்பை அகலமாக வார்க்க வேண்டும் என்று பொறியியல் ஆய்வாளர் ஈட்டன் ஹாட்கின்சன் 1830-களிலேயே சோதித்துக் காட்டியிருந்தார். அப்படியிருந்தும் 1844-இல் ஓல்டாமில் ஓர் ஆலை இடிந்து 20 பேர் மாண்டனர். தீயை வெல்லப் போய் இரும்பிடம் தோற்ற கதை அது.

கட்டடத்தின் அகலத்தையும் சன்னல்களையும் தீர்மானித்தவை இயந்திரங்கள். நூலை முறுக்கிச் சுற்றும் கதிர்களை ஆயிரத்துக்கும் மேல் கொண்ட 'மியூல்' என்னும் நூற்பு இயந்திரங்கள் கட்டடத்தின் குறுக்கே நிறுத்தப்பட்டதால், கதிர்கள் பெருகப் பெருகக் கட்டடமும் அகன்றது. அகன்ற கூடத்தின் நடுவரைக்கும் வெளிச்சம் எட்டுவதற்காகச் சன்னல்களும் பெரிதாயின. மியூலின் முன்பகுதி சக்கரங்களில் ஐந்தடி தூரம் வெளியே வந்து நூலை இழுத்து முறுக்கும், திரும்பிப் போகும்போது சுற்றிக்கொள்ளும். அது வந்து போகும் அந்த இடைவெளியில்தான், எண்ணெய் வழுக்கும் தரையில் வெறுங்காலோடு நடந்து, சிறுவர்கள் அறுந்த இழைகளை விரலால் முறுக்கிச் சேர்த்தார்கள்.

கேள்வி: சில ஆலைகளின் கூரை ரம்பப் பல் போல இருக்கிறதே?
(மதுரையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: அவை நூற்பாலைகள் அல்ல, நெசவுக் கொட்டகைகள். தறியின் அதிர்வை மாடிகள் தாங்காது என்பதால் எல்லாம் தரையோடு இருக்கும். ஒவ்வொரு பல்லின் செங்குத்தான பக்கத்தில் வடக்கு நோக்கிக் கண்ணாடி பதித்தால், வெயில் நேராக விழாமல் சீரான வெளிச்சம் கிடைக்கும். பர்ன்லிக்கு அருகே 1894-இல் எழுந்த குவீன் ஸ்டிரீட் மில் இதற்கு நல்ல சான்று. அதன் 500 குதிரைசக்தி நீராவி எஞ்சினுக்கு முதலில் 'விவேகம்' என்று பொருள்படும் பெயர் இருந்தது. முதல் உலகப் போர் முடிந்தபின் 'சமாதானம்' என்று மாற்றினார்கள். ஆனால் அந்தச் சமாதானம் ஓட்டிய நூற்றுக்கணக்கான தறிகளின் இரைச்சலில் யார் பேசுவதும் காதில் விழாததால், நெசவுப் பெண்கள் உதட்டசைவைப் பார்த்தே ஊர்க்கதை பேசிக்கொண்டார்கள்.

கேள்வி: காந்தியடிகள் லங்காஷயர் தொழிலாளர்களைச் சந்தித்தது டார்வனிலா?
(காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: ஆம். வட்டமேசை மாநாட்டுக்குப் போயிருந்த அவர், 1931 செப்டம்பரில் டார்வனுக்கு அருகே தங்கி, அந்நியத் துணிப் புறக்கணிப்பால் வேலையிழந்தவர்களையே நேரில் சந்தித்தார். அப்போது எடுத்த ஒரு படத்தில், வெள்ளைக் கதர் போர்த்திய அவரைச் சூழ்ந்து நிற்கும் ஆலைப் பெண்கள் வாய் நிறையச் சிரித்து ஆரவாரம் செய்கிறார்கள்.