கேள்வி பதில்: கட்டடம் வந்துவிட்டது, கணக்கு ரீச்சர் எங்கே?

கேள்வி: மகள் தரம் 9 படிக்கிறாள். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புது மாடிக் கட்டடம், ஸ்மார்ட் போர்ட் எல்லாம் வந்தாயிற்று. கணக்கு ரீச்சர்தான் நிற்கிறார் இல்லை, வருவதும் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போவதுமாக இருக்கிறார்கள். வவுனியா ரவுணில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்து விடுதியில் விடுவோம் என்கிறார் இவர். விடலாமா?
(ஒரு தாய், ஒட்டுசுட்டான்)

பதில்: விடுதிக்குக் காசு கட்ட முதல் ஒன்றை விசாரியுங்கள் அம்மா. அங்கே அடுத்த வருடம் தரம் 10க்குக் கணக்கு எடுக்கப்போவது யார்? பெரிய பள்ளிக்கூடம் என்றால் எல்லா வகுப்பிலும் நல்ல ஆசிரியர்தான் என்று நாங்களாகவே நினைத்துக்கொள்கிறோம், ஆனால் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரு சுவர் தாண்டினாலே படிப்பு மாறிவிடும். அமெரிக்காவில் கேரி என்ற நகரத்து வறிய பிள்ளைகளைப் பற்றி எரிக் ஹனுஷெக் என்ற பொருளியலாளர் எழுதிய ஆய்வு 1992இல் வெளிவந்தது. நல்ல ஆசிரியரிடம் இருந்த பிள்ளைகள் ஒரு வருடத்தில் ஒன்றரை வருடப் படிப்பு முன்னேறியிருந்தார்கள், மோசமானவரிடம் அகப்பட்டவர்கள் அரை வருடம்தான். ஊரும் ஒன்று, வறுமையும் ஒன்று.

நல்ல ஆசிரியரை எப்படி அறிவது என்றால், பிள்ளையின் கொப்பியைத் திறந்து பிழைவிட்ட கணக்கைப் பாருங்கள். சரிவிட்டதைப் பார்த்து ஒன்றும் தெரியாது. இரண்டு எண்களைக் கூட்டி வர்க்கிப்பதும் தனித்தனியே வர்க்கித்துக் கூட்டுவதும் ஒன்றுதான் என்று இந்த வயதில் நிறையப் பேர் எழுதுவார்கள். ஒரு ஆசிரியர் சிவப்புப் பேனையால் பிழை போட்டு, சரியான விடையையும் தானே எழுதிவிட்டுப் போவார். இன்னொருவர் ஓரத்தில் ‘2, 3 போட்டுப் பார்’ என்று மட்டும் எழுதுவார். பிள்ளை போட்டுப் பார்க்கும்: ஒருபக்கம் 25 வருகிறது, மற்றப் பக்கம் 13. பிறகு அந்தப் பிழையை அது லேசில் விடாது. உங்கள் மகளுக்கு வேண்டியது இந்த இரண்டாவது ஆள்.

அந்த ஆள் வன்னியில் இல்லாமல் இல்லை, நிற்பதுதான் இல்லை. படிப்பிக்கத் தொடங்கிய முதல் சில வருடங்களில்தான் ஆசிரியர்கள் வேகமாகத் தேறுகிறார்கள். எங்களுக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் முதல் நியமனக்காரர். எங்கள் பிள்ளைகளில் பழகி, கை வந்தவுடன் கஷ்டப் பிரதேச சேவை முடிந்தது என்று புறப்பட்டுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, விடியப்புறம் யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி ஏ9 வழியே வந்து பின்னேரம் திரும்புகிறவருக்குக் கொப்பி திருத்த எங்கே நேரம்? அதனால் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அடுத்தமுறை மதிலுக்கும் கேற்றுக்கும் காசு சேர்க்கும் கதை வந்தால், எழும்பி ஆசிரியர் தங்கும் வீட்டைப் பற்றிக் கேளுங்கள். பூட்டுள்ள அறை, நல்ல தண்ணீர், சமைக்க இடம். இவ்வளவு இருந்தால் நிற்கக்கூடிய ஒருத்தராவது நிற்பார்.

விடுதி விசயம் உங்கள் விருப்பம். நான் என்றால் தரம் 9 பிள்ளையை வீட்டைவிட்டு அனுப்பமாட்டேன்.

கேள்வி: பட்டம் கூடினால் படிப்பித்தலும் கூடுமா?
(வாசகர், முழங்காவில்)

பதில்: கூடாது. ஒரு முதுமாணிப் பட்டம் மேலதிகமாக இருப்பதால் பிள்ளைகளின் புள்ளிகள் பெரிதாக ஏறுவதில்லை என்றுதான் பல ஆய்வுகள் சொல்கின்றன. அதற்காகச் சங்கீத ரீச்சரைக் கணக்குக்கு விடலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பாடம் தெரியத்தான் வேண்டும்.

கேள்வி: கல்வியியற் கல்லூரி முடித்து மல்லாவிப் பக்கம் முதல் நியமனம். தரம் 7இல் வாய்பாடு தெரியாதவர்களும் இருக்கிறார்கள். பாடத்திட்டத்தை முடிப்பதா, இவர்களைப் பார்ப்பதா?
(புது ஆசிரியை)

பதில்: இவர்களைப் பாருங்கள், அதிபரிடமும் முதலே சொல்லிவிடுங்கள். இந்தியாவில் பிரதம் என்ற அமைப்பு, வகுப்பைப் பார்க்காமல் பிள்ளை எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்துக் குழு பிரித்துப் படிப்பித்து நல்ல பலன் கண்டது. நீங்களும் ஒரு துண்டுக் கடதாசியில் கூட்டல், கழித்தல், பெருக்கல், பிரித்தல் என்று நாலு கணக்குக் கொடுங்கள். புள்ளி போடவேண்டாம். யார் எதில் நிற்கிறார் என்று குறித்துக்கொண்டு, தினமும் பாடத்தின் முதல் கொஞ்ச நேரத்தை அந்தக் குழுக்களுக்கு ஒதுக்குங்கள்.