மழை விழும் பனிமலைக்கு இப்போது போகாதீர்கள்

தம்பி, திருகோணமலை உப்புவெளியிலிருந்து வான்கூவரில் இருக்கும் அண்ணனிடம் போயிருக்கிறீர்கள். மூன்று நாள் பனிப்புயலுக்குப் பிறகு குளிர் குறைந்து மழை வரப்போகிறது, மலையேற அது வசதிதானே என்று கேட்கிறீர்கள். இல்லை. மலையிலிருந்து பனி சரிந்து விழ அதுதான் மிக மோசமான நேரம்.

நானும் திருகோணமலைக்காரன்தான், அந்த மலைகளில் சில குளிர்காலம் நடந்திருக்கிறேன். புதுப்பனியின் மேல் மழை விழுந்தால் பாரம் கூடுகிறது. துகள்களைப் பிணைத்திருக்கும் பிடியும் இளகுகிறது. காற்று வேறு முகட்டின் மறுபுறத்தில் பனியை அள்ளிக் குவித்திருக்கும். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 பாகைச் சாய்வில்தான் புறப்படுகின்றன. நீங்கள் சமதரையில் நடந்தாலும், மேலே அப்படியொரு சாய்வு இருந்தால் அது உங்கள் தலைக்குத்தான் வரும்.

கையுறையில் ஒரு பிடி பனியை அள்ளிப் பிழிந்து பாருங்கள். நீர் சொட்டினால் திரும்பிவிடுங்கள். பனியுருண்டைகள் தாமாக உருண்டு வந்தாலும், காலடியில் ‘வும்’ என்று பனி அமுங்கினாலும் அப்படியே.

பனிச்சரிவு அபாயத்தை முன்னறிவிக்கும் அவலாஞ்ச் கனடா அமைப்பின் அறிக்கையை அண்ணனுடன் சேர்ந்து வாசியுங்கள். அபாயத்தை 1 முதல் 5 வரை தரப்படுத்துவார்கள். புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி, பனிக்குள் குத்தித் தேடும் துழாவுகோல், தோண்டச் சவல் மூன்றும் ஆளுக்கொன்று வேண்டும். புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் கூட இருப்பவர்தான் தோண்டியெடுக்க முடியும். உதவிப்படை வரும்வரை மூச்சு தாங்காது.

வாடைக்காற்றில் கடல் இரையும்போது நம் ஊரில் தோணி இறக்குவார்களா? மழை நின்று, இரவில் நன்றாக உறைந்து, அறிக்கையும் அபாயம் தணிந்தது என்று சொல்லட்டும். அதன்பிறகு போய்வாருங்கள்.