செகண்ட் லைஃப் மல்யுத்தம்: உறுப்பினர்கள் கேள்விகளும் பதில்களும்

லிண்டன் லேப் நிறுவனம் 2003இல் திறந்த மெய்நிகர் உலகம் செகண்ட் லைஃப். அதற்குள் மல்யுத்த லீக்குகள் முளைத்த தொடக்க ஆண்டுகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். அந்த வீரர்களுக்கு அசைவுகள் செய்து கொடுத்தவன் நான். ஆகவே தொழில்நுட்பப் பேச்சு கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இதுவும் வீடியோ கேம்தானே? பொத்தானை அழுத்தினால் குத்து விழப்போகிறது. இதில் லீக் எதற்கு?

குத்து விழாது. அங்கே உங்களுக்காக நடமாடும் உருவமான அவதாரின் கைக்கும் காலுக்கும் மோதும் தன்மையே கிடையாது. நீங்கள் ஓங்கிக் குத்தினால் முஷ்டி எதிராளியின் முகத்துக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடும். நிறுவனம் கொடுத்தது நிலம், நாணயம், ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல்களை எழுத ஒரு மொழி, அவ்வளவுதான். ரிங், கயிறு, சாம்பியன் பெல்ட், பார்வையாளர் நாற்காலி எல்லாம் பயனர்களே கட்டியவை. பலத்தால் வெல்ல வழியே இல்லாத இடத்தில் யார் வெல்வது என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்வதுதான் ஒரே வழி. அதாவது, தொலைக்காட்சி மல்யுத்தத்தின் அதே வழி.

கேள்வி: மோதலே இல்லையென்றால் ஒருவரைத் தலைக்கு மேல் தூக்கிப் போடுவது எப்படி?

நான் அதிக நேரம் செலவிட்டது இதில்தான். ஒரு தூக்குக்கு இரண்டு அனிமேஷன் வேண்டும்: தூக்குபவருக்கு ஒன்று, தூக்கப்படுபவருக்கு ஒன்று. போஸர் மென்பொருளிலோ இலவசமாகக் கிடைத்த கியூ அவிமேட்டரிலோ செய்து, பிவிஎச் என்ற அசைவுக் கோப்பாக ஏற்றுவோம். அப்போது ஒன்றை ஏற்ற அந்த உலகின் நாணயமான லிண்டன் டாலரில் 10 கட்டணம், நீளம் 30 நொடிக்குள் இருக்க வேண்டும். பிறகு ரிங் நடுவே இரண்டு சிறு உருண்டைகள். போஸ் பால் என்போம். இருவரும் ஆளுக்கொன்றில் 'உட்கார்ந்ததும்' ஸ்கிரிப்ட் இரண்டு அசைவுகளையும் ஒன்றாக ஓட விடும்.

ஒன்றாக என்பது கணக்கில்தான். ஒரு அனிமேஷனை முதல்முறை பார்க்கும் கணினி அதை சர்வரிலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். அதற்குள் தூக்குபவர் வெறுங்காற்றைத் தூக்கி முடித்திருப்பார். எதிராளி தானாக எழும்பிப் பறந்துகொண்டிருப்பார். இதனால் போட்டிக்கு முன்பே எல்லா அசைவுகளையும் ஒருமுறை ஓட்டிவிடுவது வழக்கம். உயரம் இன்னொரு தலைவலி. ஆறடி உருவத்துக்கு அளந்து செய்த அசைவை எட்டடி ராட்சதன் போட்டால் அவன் கை எதிராளியின் இடுப்பைப் பிடிக்காது, விலா எலும்புக்குள் போய் நிற்கும். ராட்சதனாக வர விரும்பாத புது வீரரை நான் பார்த்ததே இல்லை.

கேள்வி: எதிராளி முரண்டு பிடித்தால்?

திரையில் 'எழுந்து நில்' என்ற பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் தூக்கு பாதியில் கலைந்துவிடும். ஒருவருடைய அவதாரை அசைக்க ஸ்கிரிப்டுக்கு அவர் அனுமதி தேவை. உருண்டையில் உட்கார்வதே அந்த அனுமதி. நிஜ ரிங்கிலும் இதே கதைதான். கீழே இருப்பவர் தானும் ஒரு துள்ளு துள்ளி உதவாமல் நூறு கிலோ மனிதரை அத்தனை அழகாக யாரும் தூக்க முடியாது. மென்பொருளின் குறை என்று பலர் சொன்ன இந்தக் கட்டுப்பாடுதான் அந்த லீக்குகளை உண்மையான மல்யுத்தத்துக்கு மிக அருகே கொண்டுபோனது என்பது என் கருத்து. பொத்தானை அழுத்தி அடிக்கும் எந்த விளையாட்டும் அவ்வளவு அருகில் போகவில்லை.

கேள்வி: முடிவு முன்பே தெரிந்ததை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

1989இல் நியூ ஜெர்சி மாநிலத்தில், இது பொழுதுபோக்குதான் என்று தொலைக்காட்சி மல்யுத்தத்தை நடத்திய வின்ஸ் மக்மேனின் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகு அதன் கூட்டம் குறைந்துபோனதா? தவிர, 1990களிலேயே யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் குழுக்களிலும் மின்னஞ்சலிலும் வெறும் எழுத்தால் நடந்த கற்பனை லீக்குகள் இருந்தன. அவற்றில் பலவற்றில் சவால் உரையை நன்றாக எழுதியவருக்கே வெற்றி. செகண்ட் லைஃபிலும் 2007இல் குரல் வசதி வரும்வரை வசவு, சவால், நேர்முக வர்ணனை எல்லாமே தட்டச்சுதான். வேகமாகத் தட்டத் தெரியாத வில்லன் அங்கே எடுபட மாட்டான்.

கேள்வி: கூட்டம் எவ்வளவு கூடும்?

256 மீட்டர் சதுரமான ஒரு பகுதியை ஒரு சர்வர் பார்த்துக்கொள்ளும். அந்த நாட்களில் 40, 50 பேர் சேர்ந்தாலே திணறல் தொடங்கிவிடும். நான்கு பகுதிகள் கூடும் மூலையில் அரங்கைக் கட்டி, பார்வையாளரை நான்கு பக்கமும் பிரித்து உட்கார வைப்பது ஒரு தந்திரம். சாதாரணப் பேச்சு 20 மீட்டர்தான் எட்டும் என்பதால் வர்ணனையாளர் 100 மீட்டர் எட்டும் 'கத்தல்' முறையில் எழுதுவார்.

கேள்வி: வீரர் வரும்போது பாட்டு போடுவார்களா?

போடுவார்கள், சொதப்பும். அப்போது ஏற்றக்கூடிய ஒலித்துண்டு 10 நொடிதான். முழுப்பாட்டு வேண்டுமென்றால் அந்த நிலத்துக்கென்று வைத்த இணைய வானொலி வழியாகவே விட வேண்டும். அது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தாமதத்தில் வந்து சேரும். வீரர் கயிற்றைத் தாண்டி ரிங்கில் நிற்கும்போது சிலருக்கு அப்போதுதான் மேளம் தொடங்கியிருக்கும்.

கேள்வி: இதில் பணம் பார்த்தார்களா?

உண்டியல் வைப்பார்கள். சட்டை விற்பார்கள். ஒரு அமெரிக்க டாலருக்குச் சுமார் 270 லிண்டன் டாலர் என்ற அப்போதைய விலையில் அது எங்கே போதும்? 2006 நவம்பரில் ஒருவரே வைத்துக்கொள்ளும் தனிப் பகுதிகளான புதிய தனித்தீவுகளின் மாதக் கட்டணம் 195 டாலரிலிருந்து 295 ஆனது. தொடக்கக் கட்டணம் தனி. உரிமையாளர் கைப்பணம் போட்டுக்கொண்டிருக்கும்வரை லீக் ஓடும்.

கேள்வி: இந்தியாவிலிருந்து பார்க்க முடிந்ததா?

அங்கே கடிகாரம் கலிபோர்னியா நேரம். அவர்களுடைய கோடைக்கால மாலை 7 மணிப் போட்டி நமக்கு மறுநாள் காலை 7.30. அலுவலகம் போகிறவர்களுக்குப் பாதிப் போட்டிதான்.

கேள்வி: நானும் ஓர் அசைவு செய்து பார்க்கலாமா?

தாராளமாக. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பிவிஎச் கோப்பின் முதல் சட்டகத்தை (ஃபிரேமை) செகண்ட் லைஃப் அளவுகோலாக மட்டுமே எடுத்துக்கொள்ளும். அந்த நிலையிலிருந்து அசையாத மூட்டை அது கண்டுகொள்ளாது. முதல் சட்டகத்தில் கைகளை விரித்து நேராக நிற்க வைத்துவிட்டு, இரண்டாவதிலிருந்து வேலையைத் தொடங்குங்கள். காசு போடுமுன் அதிதி என்ற சோதனைத் தளத்தில் ஏற்றிப் பாருங்கள். அங்கே செலவாவது நிஜப் பணம் இல்லை.